ஸ்கேல் ஸ்டிக்கர் ஒட்டாததுக்கு ரெண்டு நடை அலைஞ்சோம்

அப்பாவுக்கு சுகர் வந்து 14 வருஷம். பாலக்கோடு பக்கம் எங்க தக்காளித் தோட்டத்துல வெறுங்கால்ல நடந்து முள்ளு ஏறுனது மரத்துப்போன காலுக்குத் தெரியல, நாத்தம் வந்தப்புறம்தான் பாத்தோம். தருமபுரியில ஒரு ஆஸ்பத்திரியில அட்மிஷன், அழுகுன சதைய வெட்டுனது, காப்பீட்டு அட்டை எல்லாம் பிரச்சனையில்லாம முடிஞ்சுது.

அப்புறம் வாராவாரம் புண்ண போட்டோ எடுத்து கம்ப்யூட்டர்ல ஏத்துவாங்க. பக்கத்துல ஒட்டுற ஸ்கேல் ஸ்டிக்கர வெச்சுதான் அது சதுர சென்டிமீட்டர் கணக்கு போட்டு, புண்ணு ஆறுமா ஆறாதான்னு ஒரு கோடு வரையும். 2003ல அமெரிக்காவுல 203 பேர வெச்சுப் பாத்தாங்களாம், 4 வாரத்துல பாதிக்கு மேல சுருங்குனவங்கள்ல 58 சதவீதம் பேருக்கு 12 வாரத்துக்குள்ள ஆறியிருக்கு, சுருங்காதவங்கள்ல வெறும் 9 சதவீதம். அதனால 4 வாரம்தான் கெடு.

முதல் வாரம் 12, ரெண்டாவது வாரம் 9.5. மூணாவது வாரம் வழக்கமான சிஸ்டர் லீவு, புதுசா வந்த தம்பி ஸ்டிக்கர் ஒட்டாம செல்ல கிட்ட கொண்டுபோய் கிளிக் பண்ணிட்டாப்ல. ஸ்கிரீன்ல 14! தொடையில தோல் எடுத்து ஒட்டணும்னுட்டாங்க. ஏங்க, கண்ணால பாருங்க, செக்கச்செவேல்னு புதுச்சதை வந்திருக்குன்னா "கம்ப்யூட்டர் ஏறியிருக்குன்னு காட்டுதுங்களே"ங்கறாங்க. பெரிய டாக்டர் கெளம்பிட்டாராம், வியாழக்கிழமை வாங்கன்னுட்டாங்க. அப்பா அன்னிக்கு ராத்திரி களி உருண்டைய தொடவே இல்ல.

மறுநாள் வீட்டுக்கு கட்டு மாத்த வந்த அக்காதான் வழி சொன்னாங்க. சுத்தமான பிளாஸ்டிக் கவர புண்ணு மேல வெச்சு பேனாவால ஓரத்த வரைஞ்சு, பொண்ணோட கிராஃப் நோட்டுல படிய வெச்சு கட்டம் எண்ணுனோம், பாதி கட்டத்த பாதியாவே எண்ணி. 7 சொச்சம்!

வியாழக்கிழமை அந்த பேப்பர நீட்டுனதும் டாக்டர் ஒண்ணும் பேசல, "ஸ்டிக்கர் ஒட்டி திரும்ப எடுப்பா"ன்னார். 7.2. எனக்கு வந்த சிரிப்ப அடக்கறதுக்குள்ள போதும்போதும்னு ஆச்சு. நாலாவது வாரம் 5.4, தோல் ஒட்டுற பேச்சே இல்ல.

நீங்க போனா போட்டோவுல ஸ்டிக்கர் இருக்கான்னு கிளிக் பண்றதுக்கு முன்னாடியே பாருங்க, ஒவ்வொரு வாரத்து அளவையும் ஓபி சீட்டுல எழுதி வாங்குங்க. என்ன வைத்தியம் பண்ணாலும் கால ஊணாம இருந்தாத்தான் ஆறும், அதுக்குத்தான் எங்க வீட்ல செருப்புலேர்ந்து மோட்டார் ரூம் சாவி வரைக்கும் ஒளிச்சு வெச்சிருக்கோம். ஆனா நேத்து சாயங்காலம் அவர் கட்டுல ஈரமண்ணு இருந்துச்சு.