சாப்பல் ரோன் கேட்ட நாட்கள்

2024 ஏப்ரல் 7, ஞாயிறு

வெள்ளிக்கிழமை வெளியான 'குட் லக், பேப்!' பாட்டை இரண்டு நாளாக விடாமல் கேட்கிறேன். பாடியவர் சாப்பல் ரோன், வயது 26. அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தின் வில்லர்ட் என்ற சின்ன ஊர்க்காரர். போன செப்டம்பரில் முதல் ஆல்பம் வந்தது, பெரிய சத்தம் எதுவும் எழவில்லை. இந்த வருடம் ஒலிவியா ரோட்ரிகோவின் கச்சேரிகளில் அவருக்கு முன்னால் மேடையேறிப் பாடினார். அதற்கப்புறம்தான் ஊர் முழுக்கப் பேச்சு.

ஒரு பெண் இன்னொரு பெண்ணைக் காதலித்துவிட்டு, அப்படி ஒன்றும் இல்லை என்று சாதிக்கிறாள். அவளிடம் "சரிம்மா, நல்லா இரு" என்று சொல்லிவிட்டு விலகுவதுதான் பாட்டு. சரணம் பேச்சுபோலக் கீழேயே போகிறது. பல்லவி வந்ததும் குரல் சட்டென்று மெலிந்து மேலே ஏறிவிடுகிறது. சின்ன வயதில் எனக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த டீச்சர் கேட்டிருந்தால், "என்னது இது, கள்ளத் தொண்டை?" என்று தாளத்தை நிறுத்தியிருப்பார். வகுப்பில் அது குற்றம். இங்கே அதுதான் நடிப்பு. நல்லா இரு என்று சொல்கிறவள் கோபத்தை முழுங்கிக்கொண்டுதானே சொல்வாள்? அந்த முழுங்கல் அந்த மெல்லிய குரலில் அப்படியே கேட்கிறது.

இரண்டாவது பல்லவி முடிந்ததும் பிரிட்ஜ் வருகிறது, பாட்டில் ஒரே ஒரு தடவை மட்டும் வரும் தனி மெட்டுப் பகுதி. அதில் காட்சி மாறுகிறது. வருடங்கள் ஓடிவிட்டன. நள்ளிரவு, பக்கத்தில் கணவன் தூங்குகிறான், அந்தப் பெண் தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருக்கிறாள். இந்த இடத்தில் கள்ளத் தொண்டை காணாமல் போய் நெஞ்சிலிருந்து முழுக்குரல் வருகிறது. அப்பவே சொன்னேனே என்பதை ஒரு கத்தலாக உயர்த்தி நிறுத்துகிறார். முழுங்கி வைத்ததெல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்துவிடுகிறது. கடைசியில் பாட்டே வேகம் குறைந்து குறைந்து, கரன்ட் போன டேப் ரிக்கார்டர்போல இழுத்துக்கொண்டு நின்றுபோகிறது.

ஏப்ரல் 9

சாப்பல் ரோன் என்பது மேடைக்காக வைத்துக்கொண்ட பெயராம். சாப்பல் என்பது இறந்துபோன தாத்தாவின் குடும்பப் பெயர். ரோன், அந்தத் தாத்தாவுக்குப் பிடித்த பழைய கௌபாய் பாட்டு ஒன்றின் தலைப்பிலிருந்து எடுத்தது.

இதைப் படித்ததும் அந்தக் குரல் உடைவு பிடிபட்டது. கௌபாய் பாட்டுகளில் யோடலிங் உண்டு: நெஞ்சுக் குரலிலிருந்து தலைக் குரலுக்குத் தாவுவது, தாவுகிற அந்த விரிசலை மறைக்காமல் விடுவது. நமக்கு ஜே.பி.சந்திரபாபு வழியாகப் பழக்கமான சங்கதிதான். இன்றைய பாப் பாடகிகள் பெரும்பாலும் அந்த விரிசலைப் பூசி மெழுகிவிடுகிறார்கள். கீழேயிருந்து மேலே ஒரே வழவழப்பு. இவர் வேண்டுமென்றே படி தடுக்கிவிழுகிறார்.

ஏப்ரல் 14

என்.பி.ஆர் வானொலியின் 'டைனி டெஸ்க்' நிகழ்ச்சி, போன மாதம் வந்தது. ஒரு அலுவலக மேசைக்குப் பின்னால் நின்று பாட வேண்டும். பெரிய ஸ்பீக்கர், விளக்கு, புகை எதுவும் கிடையாது. அங்கே வானுயரச் சிவப்பு விக், கல்யாண வரவேற்புக்குப் போவதுபோல ரோஸ் கலர் கவுன், பல்லில் லிப்ஸ்டிக் கறையோடு வந்து நிற்கிறார். கறை தவறி ஒட்டியதில்லை, பூசிக்கொண்டதுதான். அலங்காரம் கலைந்துபோன அழகுராணி வேடம்.

'கேஷுவல்' என்ற பாட்டைப் பாடும்போதுதான் கவனித்தேன். முகம் பொம்மைபோல இருக்கிறது, குரல் மட்டும் கொஞ்சம்கொஞ்சமாகக் கிழிகிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாததால்தான் கண்ணை எடுக்க முடியவில்லை. வேடம் போட்டால் பாட்டில் உண்மை குறையும் என்று நினைக்கிறவர்களிடம் இந்த வீடியோவைக் காட்டலாம்.

டிராக் என்பது மிகையான அலங்காரத்தோடு, பெரும்பாலும் ஆண்கள் பெண் வேடமிட்டு, மேடையில் நடத்தும் கலை. தன்னையே ஒரு டிராக் ராணி என்றுதான் சொல்லிக்கொள்கிறார். தன் சுற்றுப்பயணத்தில் ஒவ்வொரு ஊரிலும் உள்ளூர் டிராக் கலைஞர்களை முதலில் மேடையேற்றுகிறார். அந்த டிராக் மேடையில் கற்றுக்கொண்டதுதான் இந்த வேடமெல்லாம்.

ஜூன் 11

நியூயார்க்கில் கவர்னர்ஸ் பால் இசை விழா. ராட்சத ஆப்பிளுக்குள்ளிருந்து உடம்பெல்லாம் பச்சை பூசிய சுதந்திர தேவியாக வெளியே வந்தார். பால்புதுமையினரின் பிரைட் விழாவுக்கு வெள்ளை மாளிகை பாடக் கூப்பிட்டதை மறுத்துவிட்டதாக மேடையிலேயே அறிவித்தார்.

எனக்கு அதைவிட முக்கியம், இன்னும் வெளிவராத 'தி சப்வே' என்ற பாட்டு. கூட்டத்திலிருந்து யாரோ போனில் எடுத்த கரகர வீடியோவில்தான் கேட்டேன். பச்சைப் பெயின்ட் வழிய, கிரீடத்தோடு நின்று, பிரிந்துபோன காதலியை ரயிலில் பார்த்த கதையைப் பாடுகிறார். சிரிப்பு வர வேண்டிய கோலம். வரவில்லை.

ஜூன் 14

வட கரோலினாவின் ராலேயில் கச்சேரிக்கு நடுவே அழுதுவிட்டார். எல்லாம் ரொம்ப வேகமாக நடக்கிறது, ஈடுகொடுக்க முடியவில்லை என்று கூட்டத்திடமே சொன்னார்.

ஆகஸ்ட் 4

சிகாகோவில் லொல்லபலூசா இசை விழா. மல்யுத்த வீராங்கனை வேடம். பகல் நேர நிகழ்ச்சிகளில் தங்கள் விழா கண்ட மிகப் பெரிய கூட்டம் இதுதான் என்கிறார்கள் நடத்துகிறவர்கள். 'ஹாட் டு கோ!' பாட்டுக்கு அந்தத் தலைப்பின் ஆங்கில எழுத்துகளைக் கையால் போட்டுக் காட்டும் அசைவைக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை எல்லோரும் செய்கிறார்கள். அந்தப் பாட்டு எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. பள்ளிக்கூட விளையாட்டு விழாக் கோஷம்தான். ஆனால் அத்தனை பேரை ஒரே நேரத்தில் கை தூக்க வைக்க அதுதான் வேலை செய்யும், சரி.

செப்டம்பர் 12

எம்டிவி விருது விழாவில் இரும்புக் கவசம், பின்னால் கோட்டை, எரியும் அம்பு. 'குட் லக், பேப்!'தான் பாடினார், புதுமுகக் கலைஞர் விருதும் அவருக்கே. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். கவசம் போட்டவர் முதல் வரியிலிருந்தே சண்டைக்கு நிற்கிறார். அப்புறம் பிரிட்ஜில் வெடிக்க என்ன மிச்சம்? இதுவரை வேடம் குரலுக்குப் பின்னால் வந்தது, இன்று முன்னால் ஓடிவிட்டது.

2025 பிப்ரவரி 3

கிராமியில் சிறந்த புதுமுகம். நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பேசினார். வயது வராத பருவத்திலேயே கம்பெனி ஒப்பந்தம், பிறகு அவர்கள் கழற்றிவிட்டது, கோவிட் காலத்தில் மருத்துவக் காப்பீட்டுக்கே வழியில்லாமல் நின்றது. இசைக் கம்பெனிகள் வளரும் கலைஞர்களுக்கு வாழப் போதுமான ஊதியமும் மருத்துவ வசதியும் தர வேண்டும் என்றார். வந்திருந்த முதலாளிகளின் முகத்துக்கு நேரே.

பாடியது 'பிங்க் போனி கிளப்'. 2020 ஏப்ரலில் வந்த பாட்டு, அதே வருடம்தான் கம்பெனி கைவிட்டது. மிசௌரிக்குத் திரும்பி, காரில் இருந்தபடியே வாங்கிப்போகும் டிரைவ்-த்ரூ கடையில் வேலை பார்த்தார். இப்போது மேடையில் ராட்சத ரோஸ் குதிரை, சுற்றிலும் ரோடியோ என்கிற கௌபாய் வீர விளையாட்டின் கோமாளிகள். பாட்டில் ஊரைவிட்டு லாஸ் ஏஞ்சலஸ் போய் கிளப்பில் ஆடும் மகள் இருக்கிறாள், என்ன காரியம் செய்துவிட்டாய் என்று அலறும் அம்மாவும் இருக்கிறாள். அம்மாவைக் கேலி செய்யாமல் பாடுவதுதான் இதில் கஷ்டம். அந்த வரியில் குரலில் நக்கலே இல்லை. அம்மாவின் பயத்தையும் தானே வாங்கிக்கொண்டு பாடுகிறார். அதனால்தான் அடுத்து வரும் பல்லவி அவ்வளவு பெரிதாகத் திறக்கிறது.

2025 ஆகஸ்ட் 2

ஒரு வழியாக 'தி சப்வே' நேற்று முன்தினம் வந்துவிட்டது! தயாரிப்பு, 'குட் லக், பேப்!' பாட்டைத் தயாரித்த அதே டான் நிக்ரோ. ஒரு வருடத்துக்கும் மேலாகக் கரகர வீடியோவில் கேட்டுப் பழகிய காதுக்கு, சுத்தமான ஒலி முதலில் அந்நியமாக இருந்தது. வீடியோவில் தெருவைக் கூட்டுமளவு நீளமான சிவப்புக் கூந்தல், அது டாக்சி கதவில் மாட்டி இழுபடுகிறது. ஒரு தடவை பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக் கேளுங்கள்.

கடைசிப் பகுதியில் அவள் போய்விட்டாள் என்பதையே திரும்பத் திரும்பப் பாடுகிறார். குரலுக்கு மேல் குரல் அடுக்கிக்கொண்டே போகிறது, ஒவ்வொரு சுற்றிலும் அந்த உடைவு வேறு இடத்தில் விழுகிறது. எந்த வேடமும் இல்லாமலேயே முழு நாடகம்.

ஒரு குறை. நான்கு மாதத்தில் இந்த வலி தீராவிட்டால் கனடாவின் சஸ்காட்சவானுக்கே குடிபோய்விடுவேன் என்று ஒரு மிரட்டல் வருகிறது. பாட்டிலேயே எனக்குப் பிடித்த வரி. அதை இன்னும் கொஞ்சம் சத்தமாக வைத்திருக்கலாம்.