தஸ்தயேவ்ஸ்கியும் வாடகை வீடும்

ரஷ்யாவில் வீட்டு வாடகை விளம்பரத்தில் ‘ஸ்லாவியர்களுக்கு மட்டும்’, அதாவது ரஷ்யர் போன்ற ஸ்லாவிய இனத்தாருக்கு மட்டும், என்று பார்த்ததும் சுருக்கென்றது. அப்புறம் சிரிப்பும் வந்தது. மயிலாப்பூரில் ‘சைவம் மட்டும்’ போர்டுகளைத் தாண்டித் தாண்டி வளர்ந்தவனுக்கு இதென்ன புதுசா?

பீட்டர்ஸ்பர்க்கில் வீடு தேடி அலைந்த அந்தக் குளிர்காலத்தில்தான் நாவலாசிரியர் தஸ்தயேவ்ஸ்கி எனக்கு வேறு ஆளாகத் தெரிந்தார். அவருடைய ‘குற்றமும் தண்டனையும்’ நாவல் என்றால் ஊரில் நண்பர்கள் பாவம், மீட்சி, ஆன்மா என்று விடிய விடியப் பேசுவார்கள். இங்கே வந்து மறுபடி எடுத்தால் முதல் பக்கத்திலேயே வாடகை பாக்கி! நாயகன் ரஸ்கோல்னிகவ், வீட்டுக்கார அம்மா கண்ணில் படாமல் படியிறங்குவதில்தான் கதை தொடங்குகிறது. அவன் அறையோ அலமாரி அளவு. எழுதியவருக்கு அந்த அவஸ்தை தெரியாதா என்ன? இந்த ஊரில் ஏறக்குறைய 28 வருடம் இருந்தவர், சுமார் 20 வீடு மாறியிருக்கிறார். இங்கே சொந்த வீடு கடைசிவரை கிடையாது. தெருமுனை வீடாகப் பார்த்துத்தான் பிடிப்பார். ஜன்னலில் சர்ச் தெரிந்தால் இன்னும் சந்தோஷம். கோபுரம் தெரிகிற போர்ஷனுக்காகவே அலைந்த எங்கள் பெரியப்பா ரகம்.

கடைசி வீடு குஸ்னெச்னி சந்தில், விளாதிமிர்ஸ்கயா மெட்ரோவுக்குப் பக்கத்தில். 1971 முதல் அது மியூசியம். 1878இல், மூன்று வயதுகூட நிரம்பாத மகன் அல்யோஷா வலிப்பு வந்து இறந்துபோனான். பழைய வீட்டில் இருப்புக் கொள்ளாமல் இங்கே வந்தார்கள். ‘கரமாஸவ் சகோதரர்க’ளை இங்கேதான் எழுதினார், அதன் நாயகனுக்கும் அல்யோஷா என்றே பெயர். ராத்திரியெல்லாம் கடுந்தேநீர், சிகரெட், எழுத்து. 1881 ஜனவரியில் அவர் போன அன்று, அப்பா இறந்துவிட்டார் என்று மகள் லியுபோவ் அவருடைய புகையிலைப் பெட்டியில் எழுதிவைத்தாள். அந்தப் பெட்டியைப் பார்த்த பிறகு மற்ற எதையும் நான் ஒழுங்காகப் பார்க்கவில்லை.

எனக்கும் ஒருவழியாக வீடு அமைந்தது. குளிர், மெட்ரோ, வெந்தயமில்லாத சமையல் எல்லாம் பழகிவிட்டது. குடிபோன அன்று, புது வீட்டுக்குள் முதலில் பூனைதான் போக வேண்டும் என்று வீட்டுக்கார அம்மா தன் பூனையோடு வந்து நின்றார். நான் பால் காய்ச்சப் பாத்திரத்தோடு நின்றேன். இரண்டு சாஸ்திரத்திலும் பூனைக்குத்தான் லாபம்.

“அடுப்பு அக்னி மூலையிலதானே இருக்கு?” என்றாள் அம்மா, வீடியோ காலில். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். ஊரில் நாங்கள் மாறிய எந்த வீட்டில் அடுப்பு அந்த மூலையில் இருந்தது? ஒவ்வொரு தடவையும் அப்பா வாஸ்துவையா பார்த்தார், ஆட்டுக்கல்லை வண்டியில் ஏற்ற ஆள் கிடைக்குமா என்றல்லவா பார்த்தார்.