காங்கேயம் காளையும் காயாத ரப்பரும்

காளை உருவம் ஒன்றை வார்ப்பதற்கு ரப்பரில் அச்சு, அதாவது மோல்டு, எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு வழியாகக் காளையின் வலப்பக்கம் அமைந்துவிட்டது. ரப்பர் காய்ந்திருக்கிறது, எங்கேயும் பிசுபிசுப்பு இல்லை, திமிலுக்குக் கீழே இருக்கிற மடிப்பு வரைக்கும் அப்படியே இறங்கியிருக்கிறது. இதற்கு முன்னால் 800 கிராம் பிளாட்டினம் சிலிக்கானை, அதாவது பிளாட்டினம் கேட்டலிஸ்ட் (இறுக வைக்கும் பொருள்) சேர்ந்த ரப்பரை, குப்பையில் கொட்டியவன் நான். அதனால் கொஞ்சம் பீற்றிக்கொண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாஸ்டர், அதாவது அச்செடுக்கிற மூல உருவம், 14 செ.மீ. உயரக் காங்கேயம் காளை. ஆயில் கிளேயில் (எண்ணெய் கலந்த களிமண்) செய்தது, கொம்புக்குள் மட்டும் கம்பி. பிளாட்டினத்துக்குப் போனதற்கு ஒரே காரணம் சுருக்கம். டின் (வெள்ளீயம்) கேட்டலிஸ்ட் சேர்ந்த டின் ரப்பர் நாளாக ஆக 1 சதவீதம் வரைகூடச் சுருங்கும், பிளாட்டினத்தில் 0.1 கூட வராது. விலை இரண்டு மடங்குக்கு மேல். இருக்கட்டும், ஆசைப்பட்டுச் செய்த காளைதானே என்று வாங்கினேன். ஒன்றுக்கு ஒன்று கலவை, தராசுத் தொல்லையும் இல்லை.

மறுநாள் காலையில் பெட்டியைப் பிரித்தால், வெளிப்பக்கம் அருமையான ரப்பர். கிளே பட்ட இடம் முழுக்கத் தேன் மாதிரி ஒழுகுகிறது. கலவை சரியில்லை என்றால் பெட்டிச் சுவரை ஒட்டிய பக்கமும் காய்ந்திருக்கக் கூடாது. கிளேயில் இருந்த கந்தகம்தான் காரணம். கந்தகம், அமீன், டின் உப்பு இதில் எது பட்டாலும் பிளாட்டினம் கேட்டலிஸ்ட் படுத்துவிடும். போதாக்குறைக்கு, கிளேயை வழித்துவிடும்போது லேடெக்ஸ் கையுறை வேறு போட்டிருந்தேன்.

கந்தகம் ரப்பரில் படாமல் இருக்கக் கிளே மேல் கிளியர் அக்ரிலிக் ஸ்ப்ரே மூன்று கோட் அடித்தால் போதும் என்று நிறையப் பேர் சொல்வார்கள். இந்த முறை முழுசாக ஊற்றாமல் துண்டு கிளேயில் பொட்டு வைத்துப் பார்த்தேன். சமதளத்தில் காய்ந்தது. நகத்தால் கீறிய கோட்டுக்குள் காயவில்லை. காளையின் அலைதாடி பூராவும் அப்படிப்பட்ட கோடுகள்தான். விட்டுவிட்டேன்.

பக்கத்து வீட்டு மாமா பீளமேட்டுப் பக்கம் ஃபவுண்டரியில் பேட்டர்ன் (வார்ப்புக்கு அச்செடுக்கும் மாதிரி) செய்து ஓய்வு பெற்றவர். வழிகிற ரப்பரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, தேக்குல செதுக்கியிருந்தா இந்த வம்பே இல்லையே" என்றார். சுருக்கத்துக்குப் பயந்துதான் இதை வாங்கினேன் என்றதும் சிரித்தார். வார்ப்பிரும்புக்கு 1 சதவீதம், அலுமினியத்துக்கு அதைவிடக் கொஞ்சம் கூட என்று பேட்டர்னையே பெரிதாகச் செய்து பழகிய கை அவருடையது. "உன்ற காளை எதுக்குள்ளயாச்சும் போய்ப் பொருந்தோணுமா?" என்று கேட்டார். பொருந்த வேண்டியதில்லை. 14 செ.மீ.யில் 1.4 மி.மீ. குறைந்தால் எந்த மாட்டுக்காரருக்கும் தெரியப் போவதில்லை. இதை நான் பணம் கொடுப்பதற்கு முன்னால் யோசித்திருக்க வேண்டும்.

சரி, டின். கந்தகத்தைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. ஆனால் இங்கேதான் தராசு வந்து சேர்கிறது. 3 சதவீதம் கேட்டலிஸ்ட் என்றால் 50 கிராம் ரப்பருக்கு 1.5 கிராம். சமையலறைத் தராசில் சொட்டுச் சொட்டாக விட்டேன். முள் இல்லாத டிஜிட்டல் தராசு, 0 காட்டியது, இன்னும் 0, அப்புறம் திடீரென்று 4. அதாவது 8 சதவீதம். கால் மணியில் கெட்டியாகிவிட்டது, பார்க்கவும் நன்றாகத்தான் இருந்தது. இரண்டு வாரம் கழித்து மடக்கினால் ஓரம் பிய்கிறது. கேட்டலிஸ்ட் கூடினால் சீக்கிரம் காயும், கூடவே சுருக்கமும் கூடும், மோல்டின் ஆயுளும் போகும். 0.1 கிராம் காட்டுகிற சின்ன நகைத் தராசு வாங்கிய பிறகுதான் நிம்மதி. கேட்டலிஸ்டைத் தனிக் கப்பில் நிறுத்து, அதன்பின் ரப்பரில் கவிழ்த்து, கப்பில் ஒட்டியதையும் வழித்து விடுகிறேன். நேற்று 600 கிராமுக்கு 18.0. அந்தப் புள்ளி பூஜ்ஜியத்தைப் பார்க்கும்போது வந்த சந்தோஷம் காளையைப் பார்த்தபோதுகூட வரவில்லை.

சித்திரை வெயிலில் மத்தியானம் ஊற்றினால் கலக்கி முடிப்பதற்குள் இறுகத் தொடங்கிவிடுகிறது. அதனால் விடிகாலை ஐந்து மணிக்கு ஊற்றினேன். முதலில் பிரஷ்ஷால் ஒரு பூச்சு, பிறகு ஓரடி உயரத்திலிருந்து நூல் மாதிரி ஒரே மூலையில். காதுக்குப் பின்னால் ஒரு குமிழ் மட்டும் நின்றுவிட்டது. ஏசி மெக்கானிக்கிடம் கலவையிலிருந்து காற்றுக் குமிழை உறிஞ்சி எடுக்கப் பழைய வேக்யூம் பம்பு ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன்.

வாங்குபவர்களுக்கு ஒன்று. கடையில் ஷோர் ஏ, அதாவது ரப்பரின் கடினத்தைச் சொல்லும் எண், எத்தனை என்று கேளுங்கள். நான் போன கடையில் "எல்லாத்துக்கும் ஆகுமுங்க" என்று 30ஐக் கொடுத்தார்கள். டப்பாவில் தேதியும் இல்லை. தட்டையான பொருளுக்கு 30 நல்லது. வளைந்த கொம்பை அதிலிருந்து உருவினால் கொம்பு கையோடு வந்துவிடும். மாற்றி 15 வாங்கி வந்தேன்.

இடப்பக்கம் இன்னும் ஊற்றவில்லை. அதற்குள் வார்ப்பதற்கு அலுமினியத் தூள் விசாரித்தாகிவிட்டது. ரெசினில் கலந்து ஊற்றி, மேலே ஸ்டீல் உல்லால் தேய்த்தால் உலோகப் பளபளப்பு வரும். திமிலையும் கழுத்தையும் கறுப்பாக விட்டுவிடலாம், காங்கேயம் காளைக்கு அங்கேதான் நிறம் கறுக்கும். மாமா பீடத்துக்குத் தேக்குக் கட்டை தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

நாளை விடிகாலை ஊற்ற வேண்டும். சிலிக்கானில் ஒட்டுவது சிலிக்கான் ஒன்றுதான், முதல் பாதியின் மேல் வாஸ்லின் பூசாமல் ஊற்றினால் இரண்டும் ஒரே கட்டியாகிவிடும். டப்பாவைத்தான் காணோம். பாத வெடிப்புக்கென்று அம்மா எடுத்துப் போயிருக்கிறார்.