கரப்பான் தோலுக்கு க்ரீம் வாங்கும்போது

என் மகளுக்குக் கைக்குழந்தையாக இருந்தபோதே கரப்பான் (எக்ஸிமா என்ற தோல் நோய்) வந்துவிட்டது. முழங்கை மடிப்பு, முழங்காலுக்குப் பின்புறம், கழுத்து. எனக்கும் விரல் இடுக்குகளில் உண்டு. அதனால் எங்கள் வீட்டில் மாய்ஸ்சரைசர் அழகு சாதனம் இல்லை, தினசரி மருந்து. "எந்த க்ரீம் நல்லது?" என்று யார் கேட்டாலும் நான் பெயர் சொல்வதில்லை. டப்பாவைத் திருப்பி, பின்னால் இருக்கும் பொடி எழுத்தைப் படிக்கச் சொல்வேன்.

முதலில் வாசனையைப் பார்ப்பேன். வாசனைப் பொருள் சேர்த்தது என்றால் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவேன். ‘அன்சென்டட்’ (வாசனை வராதது) என்று போட்டிருந்தாலும் போதாது. ஒரு நெடியை அமுக்க இன்னொரு வாசனையைக் கலந்திருக்கலாம். ‘ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீ’ (வாசனைப் பொருளே சேர்க்காதது) என்பதுதான் வேண்டும். மூலிகை, இயற்கை என்ற சொற்களும் எனக்குச் சமாதானம் தராது. செடியிலிருந்து எடுத்த எண்ணெய்களுக்கும் ஒவ்வாமை வரும். பொருள் பட்டியலே இல்லாமல், போட்ட சில நாளிலேயே தோலைப் பளிச்சென்று ஆக்கிவிடும் க்ரீமைக் கண்டால் எனக்குப் பயம்தான். அப்படிப்பட்டவற்றில் சொல்லாமலே ஸ்டீராய்டு என்ற, அழற்சியை அடக்கும் மருந்து கலந்திருந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது.

அப்புறம், பதம். ஆயின்ட்மென்ட்டில் தண்ணீர் கிட்டத்தட்ட இருக்காது. பதப்படுத்தும் ரசாயனமும் குறைவு, எரிச்சலும் குறைவு. ஆனால் பிசுபிசுக்கும். லோஷன் சட்டென்று உறிஞ்சிக்கொள்ளும், ரொம்ப வறண்ட தோலுக்குப் பற்றாது. நாங்கள் பகலில் க்ரீம், இரவில் ஆயின்ட்மென்ட் என்று வைத்திருக்கிறோம். யூரியா சேர்ந்தது தடித்த தோலுக்கு நல்லதுதான், ஆனால் வெடித்த இடத்தில் பட்டால் குழந்தை அலறும்.

புதிதாக எது வாங்கினாலும் முன்கையின் உட்புறம் ஒரே இடத்தில் ஒரு வாரம், தினம் இரண்டு வேளை தடவிப் பார்த்துவிட்டுத்தான் மற்ற இடங்களுக்கு.

பெரும்பாலானவர்கள் போடுகிற அளவு போதவே போதாது. இதை நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். கரப்பான் உள்ள குழந்தைக்கு வாரத்துக்கு 250 முதல் 500 கிராம் வரை என்கிறது பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல். சின்ன ட்யூப் எந்த மூலைக்கு? அதனால்தான், தாராளமாகப் பூசக் கட்டுப்படியாகிற, குழந்தை முரண்டு பிடிக்காத க்ரீமே நல்ல க்ரீம் என்பது என் கட்சி. கரப்பான் தோலால் ஈரத்தைப் பிடித்து வைக்க முடியாது. பலருக்கு, அதற்கு உதவும் ஃபிலாக்ரின் என்ற புரதம் பிறவியிலேயே குறைவு. ஆகவே தோல் நன்றாக இருக்கும் நாட்களிலும் விடக் கூடாது.

குளித்ததும் தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, ஈரம் காய்வதற்குள் பூசிவிடுவேன். முடி வளரும் திசையில் நீவ வேண்டும்; எதிர்த்துத் தேய்த்தால் முடிக்கால்களில் கொப்புளம் வரும். டப்பாவில் விரலை விடாமல் சுத்தமான கரண்டியால் எடுப்பேன். பம்ப் வைத்தது கிடைத்தால் அந்த வேலையும் மிச்சம். மருத்துவர் ஸ்டீராய்டு கொடுத்திருந்தால் அதற்கும் க்ரீமுக்கும் நடுவே அரை மணி நேரம் விடுகிறோம். மாய்ஸ்சரைசர் பூசுகிறோமே என்று அந்த மருந்தை நாமாக நிறுத்திவிடக் கூடாது.

பலருக்குத் தெரியாத ஆபத்து ஒன்று இருக்கிறது: நெருப்பு. க்ரீம் ஊறிய துணி, படுக்கை விரிப்பு, கட்டு எல்லாம் சட்டென்று பற்றிக்கொள்ளும். பாரஃபின் (பெட்ரோலிய மெழுகு) இல்லாத க்ரீமும் விலக்கில்லை என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-ல் எச்சரித்தது. துவைத்தாலும் முழுதாகப் போகாது. அடுப்பு, மெழுகுவர்த்தி, சிகரெட் பக்கம் அந்த உடையோடு போகவே வேண்டாம். குளியலறைத் தரையும் வழுக்கும், குழந்தையைத் தூக்கும்போது கவனம்.

மஞ்சளாகப் பொருக்கு கட்டினால், நீர் வடிந்தால் க்ரீமை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். வலியோடு சின்னச் சின்னக் கொப்புளங்கள் கூட்டமாகக் கிளம்பி, காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கே போக வேண்டும். அது ஹெர்பிஸ் என்ற வைரஸ் தொற்றாக இருக்கலாம், மறுநாள் வரை தள்ளிப்போடக் கூடாது.