கொழும்பில் தனிநபர் மருத்துவக் காப்புறுதி ஒன்றைத் தெரிவுசெய்த அனுபவம்

நிறுவன வேலையிலிருந்து விலகிச் சொந்தமாகக் கணக்கியல் ஆலோசனை செய்யத் தொடங்கியபோது, வேலையோடு கிடைத்த குழு மருத்துவக் காப்புறுதியும் கடைசி வேலைநாளுடன் முடிந்துபோனது. அரசாங்க ஆசிரியையான என் தங்கைக்கு, அரச ஊழியர்களுக்கான அக்ரஹார காப்புறுதி உண்டு. சுயதொழில் செய்பவர் தமக்கானதைத் தாமே தேடிக்கொள்ள வேண்டும். கொழும்பு தேசிய வைத்தியசாலையின் இலவசச் சிகிச்சையை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆயினும் 2022 ஆம் ஆண்டு நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாட்டினால் பேராதனைப் போதனா வைத்தியசாலையில் அவசரமற்ற சத்திரசிகிச்சைகள் இடைநிறுத்தப்பட்ட பின்னர், தனியார் வைத்தியசாலைக்குச் செல்லும் வழியும் நமக்குத் திறந்திருக்க வேண்டும் என்று தீர்மானித்தேன்.

2011 ஆம் ஆண்டின் காப்புறுதித் திருத்தச் சட்டத்தின்படி ஆயுள் காப்புறுதியும் பொதுக் காப்புறுதியும் தனித்தனிக் கம்பனிகளாகப் பிரிக்கப்பட்டதால், மருத்துவக் காப்புறுதியும் இருவேறு வடிவங்களில் விற்கப்படுகிறது. ஆயுள் காப்புறுதிக் கம்பனிகள் பெரும்பாலும் அதனை ஆயுள் பொலிசியுடன் இணைந்த மேலதிக அனுகூலமாகவே தருகின்றன. அடிப்படைப் பொலிசியின் கட்டுப்பணம் தவறிப் பொலிசி காலாவதியானால் மருத்துவ அனுகூலமும் அதனோடு போய்விடும். பொதுக் காப்புறுதிக் கம்பனிகள் தருவது ஆண்டுதோறும் புதுப்பிக்கும் பொலிசி. எனக்கு ஏற்கெனவே ஆயுள் காப்புறுதி இருந்தமையால் இரண்டாவது வகையையே நாடினேன்.

முகவர்கள் அனைவரும் முதலில் காட்டியது ஆண்டின் மொத்த வரம்பைத்தான். ஆனால் சோதிக்கவேண்டியது அந்தத் தொகைக்குள் ஒளிந்திருக்கும் உபவரம்புகளை என்பதே என் உறுதியான கருத்து. பத்து இலட்சம் ரூபா என்று பெரிதாக எழுதியிருந்த ஒரு திட்டத்தில் அறைக் கட்டணத்துக்கும் சத்திரசிகிச்சை நிபுணரின் கட்டணத்துக்கும் தனித்தனி உச்சவரம்பு இருந்தது. வெள்ளவத்தையிலிருந்து நான் வழக்கமாகச் செல்லும் தனியார் வைத்தியசாலையின் அறைக் கட்டணத்தோடு ஒப்பிட்டபோது, ஒவ்வொரு நாளும் கணிசமான பணத்தை நானே கொடுக்க நேரிடும் என்பது தெளிவாயிற்று. மற்றொரு திட்டம் உண்மைச் செலவை மீளச் செலுத்தாமல், தங்கும் நாளுக்கு இவ்வளவு என்று நிலையான கொடுப்பனவு தருவது. டெங்குக்காகச் சில நாட்கள் தங்கினால் அது ஓரளவு உதவலாம், ஒரே நாளில் வீடு திரும்பும் கண்புரைச் சத்திரசிகிச்சைக்கு உதவாது. ஒரு ரூபாய்க்குக்கூடப் பேரம் பேசும் நாம், வாசிக்காத நிபந்தனைகளுக்கு ஆண்டுதோறும் பணம் கட்டுகிறோமே என்ற கவலை அந்நாட்களில் என்னை விடவில்லை. ஆகவே விளம்பரத் துண்டுப்பிரசுரத்தை ஒதுக்கிவிட்டு, பொலிசி நிபந்தனைகளின் முழுப் பிரதியையே கேட்டேன். அதைத் தர மறுத்தவர்களை அத்துடன் விலக்கினேன்.

அடுத்தது, காப்புறுதி கேட்டு விண்ணப்பிக்கும் முன்மொழிவுப் படிவம். எனக்கு உயர் இரத்த அழுத்தம் உண்டு, மாத்திரையும் எடுத்துவருகிறேன். அதனை எழுதியபோது ஒரு முகவர், “பிரஷர் எல்லாருக்கும் இருக்கிறதுதானே சேர், அதைப் போட்டா சும்மா மெடிக்கல் கேப்பாங்க” என்றார். இத்தகைய ஆலோசனையை நான் கடுமையாக எதிர்க்கிறேன். காப்புறுதி ஒப்பந்தம் முழு நம்பிக்கையின் அடிப்படையில் நிற்பது. தெரிந்த நோயை மறைத்தது பின்னர் வெளிப்பட்டால், சிகிச்சைச் செலவுக்கான கோரிக்கையை நிராகரிக்கும் வாய்ப்பைக் கம்பனிக்கு நாமே கொடுத்தவர்களாவோம், அந்த முகவர் அப்போது நமக்காக வந்து நிற்கமாட்டார். எனவே அந்தக் கம்பனியைத் தவிர்த்து, வேறொன்றில் அனைத்தையும் எழுதிக்கொடுத்தேன். இரத்தப் பரிசோதனையும் ஈசிஜியும் செய்தபின், இரத்த அழுத்தத்துடன் தொடர்புடைய சிகிச்சைகளுக்கு, செலவைக் கோர முடியாத ஒரு காத்திருப்புக் காலம் விதித்து, கட்டுப்பணத்தையும் சற்று உயர்த்தி ஏற்றுக்கொண்டார்கள். அது நியாயமென்றே பட்டது.

பணம் செலுத்துமுன் இலங்கை காப்புறுதி ஒழுங்குமுறைப்படுத்தல் ஆணைக்குழுவில் அக்கம்பனி பதிவு பெற்றுள்ளதா என்று பார்த்தேன். அத்துடன், எந்த வயதுவரை புதுப்பிக்கலாம், கோரிக்கை வைத்த ஆண்டுக்குப் பின் கட்டுப்பணம் உயருமா என்ற இரண்டு கேள்விகளையும் எழுத்தில் அனுப்பி, பதிலையும் எழுத்திலேயே பெற்றேன். பொலிசிப் பத்திரம் கைக்கு வந்ததும் அந்தப் பதில்களோடு ஒவ்வொரு பிரிவையும் ஒப்பிட்டு, காப்புறுதி அட்டையையும் அவசரத் தொலைபேசி இலக்கத்தையும் மனைவியிடம் கொடுத்தேன்.