ஃபிரேம் எர்த்திங் பிராக்டிகல்: புரோபை எங்கே வைக்கிறீர்கள் என்பதுதான் விஷயம்

சோலார் தேர்வு ரிசல்ட் வந்துவிட்டது, பாஸாகிவிட்டேன். இப்போதுதான் நிம்மதியாக மூச்சு விடுகிறேன். தியரிக்கு நோட்ஸ் ஏராளமாகக் கிடைக்கும், அதை விட்டுவிடுகிறேன். சோலார் ஃபிரேம் எர்த்திங் சோதனையைப் பற்றி (பேனலைச் சுற்றியுள்ள உலோகச் சட்டம் பூமியோடு சரியாக இணைந்திருக்கிறதா என்று பார்ப்பது) மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் பலர் இதைக் கடைசி நாளில்தான் புரட்டுகிறார்கள்.

என்னைக் காப்பாற்றியது ஒரே பழக்கம்: போல்ட் தலையில் புரோபை (மீட்டர் ஒயரின் அளவுமுனை) வைக்கவே மாட்டேன். பேனல் ஃபிரேம் அனோடைஸ் செய்த அலுமினியம். அந்த மேல்படலம் ஆக்சைடு, மின்சாரத்தைக் கடத்தாது. போல்ட், லக் (ஒயர் முனையில் மாட்டும் உலோகக் காது), எர்த் ஒயர் மூன்றும் ஒன்றோடொன்று நன்றாகச் சேர்ந்திருக்கும், மீட்டரும் அழகாக ரீடிங் காட்டும், ஆனால் ஃபிரேம் மட்டும் எதோடும் ஒட்டாமல் நிற்கும். பிறகு எப்போதாவது டிசி கேபிள் உரசித் தோல் கிழிந்தால், அந்த வோல்டேஜ் முழுக்க ஃபிரேமில் நிற்கும், தொடுகிற ஆளுக்கு ஷாக். எனவே கூர்முனைப் புரோபால் ஃபிரேமின் உள்பக்க விளிம்பில் படலத்தைக் குத்தி, அங்கிருந்து மெயின் எர்த் பார் (எர்த் ஒயர்கள் வந்து சேரும் உலோகப் பட்டை) வரை அளந்து பாருங்கள். குத்தாமல் சும்மா தொட்டால் நல்ல இணைப்பும் ஓப்பன் (அறுந்த இணைப்பு) என்று காட்டும், அதுவும் தப்பு. தேர்வாளர் ஏன் அங்கே குத்துகிறீர்கள் என்றுதான் கேட்டார், காரணம் சொன்னதும் அடுத்ததற்குப் போய்விட்டார்.

மற்றவை, வேகமாக:

- ஓம் அளக்கும் முன் ஃபிரேமுக்கும் எர்த்துக்கும் நடுவே வோல்டேஜ் பாருங்கள். ஐசோலேட்டரை (இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) அணைத்தாலும் வெளிச்சம் இருக்கும்வரை பேனல் வோல்டேஜ் தரும்.
- மல்டிமீட்டரின் பீப் போதாது. ஒரே ஒரு இழை தொட்டாலும் அது பீப் அடிக்கும். குறைந்தது 200 மில்லிஆம்பியர் செலுத்தும் லோ-ஓம் மீட்டர் வேண்டும்.
- மீட்டரின் இரண்டு லீடையும் (ஒயர்) சேர்த்துப் பிடித்து நல் செய்யுங்கள், அதாவது ரீடிங்கைப் பூஜ்யமாக்குங்கள். நீள லீடின் சொந்த ரெசிஸ்டன்ஸே ரீடிங்கைக் கெடுத்துவிடும்.
- கன்டினியூட்டி (இணைப்பு அறுபடாமல் இருக்கிறதா என்ற இந்த ஓம் சோதனை) முதலில், மெகர் (இன்சுலேஷன் சோதனை) அப்புறம். 500 வோல்ட்டைத் தாண்டி 1000 வோல்ட் வரை போகும் ஸ்ட்ரிங் (தொடராக இணைத்த பேனல் வரிசை) என்றால் மெகரில் 1000 வோல்ட்டில் குறைந்தது 1 மெகாஓம்.

மீட்டரை எடுக்கும் முன் கண்ணால் பார்ப்பதற்கும் மார்க் உண்டு. ஸ்டார் வாஷரின் பல் உலோகத்தில் பதிந்திருக்கிறதா, வெறும் செம்பு ஒயர் நேராக அலுமினியத்தைத் தொடுகிறதா (ஈரம் பட்டால் அலுமினியம் அரித்துவிடும், அதனால்தான் வெள்ளீயம் பூசிய லக்), ஒரு பேனலைக் கழற்றினால் அடுத்த பேனல்களின் எர்த் அறுந்துபோகுமா என்று பாருங்கள். இந்தக் கடைசிக் கேள்வியை நிறைய பேர் யோசிப்பதே இல்லை, எனக்கு இதுதான் ரொம்ப முக்கியமாகப் படுகிறது. பராமரிப்புக்கு வருகிறவர் ஒரு பேனலைத்தான் கழற்றுவார், மீதி வரிசை பாதுகாப்பில்லாமல் நிற்பது அவருக்கே தெரியாது.

நான் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்கிற ஆள். உங்களுக்கும் ஒத்துவந்தால் அப்படியே செய்யுங்கள், கை பதறாது. ஃபாரத்தில் வெறும் ஓம் மதிப்பை எழுதாதீர்கள். எந்தப் பேனல், எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிவரை என்பதையும் சேர்த்து எழுதுங்கள், அடுத்த முறை அளக்கிறவர் அதே இடத்தில் வைத்தால்தான் ஒப்பிட முடியும்.