கடைசி மேலாளரின் தொலைபேசி எண்

விண்ணப்பப் படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் அந்தக் கட்டம் இருந்தது. 'கடைசியாகப் பணிபுரிந்த இடத்தில் உங்கள் நேரடி மேலாளரின் பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல்.' பக்கத்தில் சிவப்பு நட்சத்திரக் குறி. நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாது. அதுவரை மளமளவென்று நிரப்பிக்கொண்டு வந்தவள், அங்கே மடிக்கணினியை மூடி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.

அந்த மேலாளரால்தான் வேலையை விட்டேன். மென்பொருள் சோதனைக் குழுவில் 3 வருடம் 2 மாதம் இருந்தேன். அதில் கடைசி 14 மாதம் அவருக்குக் கீழே. எல்லோர் முன்னாலும் சத்தம் போடுவார். இரவு 11 மணிக்கு அழைத்து ஒன்றைச் செய்யச் சொல்லிவிட்டு, காலையில் நான் அப்படிச் சொல்லவே இல்லை என்பார். புது வேலை கையில் இல்லாமலே ராஜினாமா கொடுத்தேன் என்பதை வைத்து மீதியைப் புரிந்துகொள்ளுங்கள்.

தெரிந்தவர்களிடம் கேட்டபோது இரண்டு யோசனைகள் வந்தன. ஒன்று, அந்த வேலையையே பயோடேட்டாவில் போடாதே. 3 வருடம் வீட்டில் சும்மா இருந்தேன் என்றா சொல்வது? அந்த 3 வருடத்தில்தான் நான் தொழிலே கற்றேன். இன்னொன்று, கூட வேலை பார்த்த தோழி ஒருத்தியின் எண்ணைக் கொடுத்து, அவளையே மேலாளர் என்று பேசச் சொல். இதை யாரும் செய்யாதீர்கள். பின்னணிச் சரிபார்ப்பு செய்பவர்கள், அதாவது நாம் சொன்னது உண்மையா என்று விசாரிப்பவர்கள், பல நேரம் நாம் கொடுக்கும் கைபேசி எண்ணோடு நிற்பதில்லை. நிறுவனத்தின் பொது எண்ணுக்கே அழைத்து, இந்தப் பெயரில் இந்தப் பதவியில் ஒருவர் இருக்கிறாரா என்று கேட்பார்கள். வேலையில் சேர்ந்த பிறகு பொய் தெரியவந்தாலும் வேலை போகலாம்.

உண்மையில் எனக்கு உதவியது ஒரு தொலைபேசி அழைப்பு. பழைய நிறுவனத்தின் மனிதவளத் துறைக்கு நானே அழைத்தேன். "என்னைப் பற்றி யாராவது விசாரித்தால் நீங்கள் என்ன சொல்வீர்கள்?" என்று நேராகவே கேட்டேன். சேர்ந்த தேதி, விலகிய தேதி, கடைசிப் பதவி, இந்த மூன்று மட்டும்தான் எழுத்தில் தருவோம், கருத்து எதுவும் சொல்வதில்லை என்றார்கள். நிறைய நிறுவனங்களில் இதுதான் நடைமுறை என்பது எனக்கு அதுவரை தெரியாது. அப்புறம் இன்னொன்றும் கேட்டேன். 'இவரை மறுபடி வேலைக்கு எடுப்பீர்களா?' என்ற கேள்வியைச் சிலர் கேட்பார்கள். என் கோப்பில் அதற்கு எதிராக ஏதாவது குறித்திருக்கிறதா? இல்லை என்றார்கள். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

அடுத்து, என் வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் யார் யார் என்று உட்கார்ந்து எழுதினேன். அந்த மேலாளருக்கு முன்னால் எனக்கு மேலாளராக இருந்தவர் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார். ஆனாலும் என் முதல் இரண்டு வருடம் அவருக்குத்தான் தெரியும். இன்னொருவர் நிரல் எழுதும் குழுவின் தலைவர். என் பிழை அறிக்கைகளைத் தினமும் வாங்கிச் சரிசெய்தவர். வாடிக்கையாளர் பக்கம் ஒருவர் இருந்தார். அவரிடம் கேட்டபோது, "கொடுக்கலாம்… பார்க்கலாம்" என்று இழுத்தார். அவரை விட்டுவிட்டேன். தயங்குகிறவரின் குரல் விசாரிக்கும்போதும் தயங்கும்.

கேட்கும் விதமும் முக்கியம். "உங்கள் எண்ணைக் கொடுக்கட்டுமா?" என்றால் யாரும் சரி என்றுதான் சொல்வார்கள். "என் வேலையைப் பற்றி நல்லபடியாகச் சொல்ல உங்களுக்கு மனம் இருக்கிறதா சார்?" என்று கேட்டேன். அந்த முதல் மேலாளர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "நீ கேட்கவே வேண்டாமே" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. 14 மாதம் நான் எதற்கும் லாயக்கில்லை என்றே கேட்டுக்கொண்டிருந்தவள். இருவருக்கும் புது வேலையின் விவரத்தையும், நாங்கள் சேர்ந்து முடித்த இரண்டு மூன்று வேலைகளை நினைவூட்டி நான்கு வரியும் அனுப்பினேன்.

நேர்காணலில் ஏன் விலகினீர்கள் என்ற கேள்வி வரும். முதல் இடத்தில் 10 நிமிடம் கொட்டித் தீர்த்தேன். எதிரில் இருந்தவர் பாதியிலேயே குறிப்பு எடுப்பதை நிறுத்திவிட்டார். அந்த வேலை கிடைக்கவில்லை. நான் சொன்ன அத்தனையும் உண்மைதான், ஆனால் கேட்பவருக்கு எங்கள் இருவரையுமே தெரியாது. அடுத்த இடத்தில் இவ்வளவுதான் சொன்னேன்: "மேலாளர் மாறிய பிறகு வேலை செய்யும் முறையில் எங்களுக்கு ஒத்துவரவில்லை. ஒரு வருடம் முயன்று பார்த்துவிட்டு விலகினேன்." அவர்கள் கேட்பதற்கு முன்பே இதையும் சேர்த்துக்கொண்டேன்: "அவர் எண்ணைப் படிவத்தில் கொடுத்திருக்கிறேன். அவரிடம் பேசுவதாக இருந்தால், தயவுசெய்து மற்ற இருவரிடமும் பேசிவிட்டு முடிவெடுங்கள்." அந்த அம்மா தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டார். வேறு எதுவும் கேட்கவில்லை.

ஆமாம், கடைசியில் அந்தக் கட்டத்தை நிரப்பியிருந்தேன். சரியான பெயர், சரியான எண்.

மூன்று வாரம் பதில் இல்லை. கடைசி மேலாளர் என்ன சொல்லியிருப்பார் என்று நானே விதவிதமாகக் கற்பனை செய்து என்னை வதைத்துக்கொண்டேன். நியமனக் கடிதம் வந்து, சேர்ந்து, சில மாதம் கழித்து மனிதவளத் துறையில் இருப்பவரிடம் மெதுவாகக் கேட்டேன். கோப்பைப் பார்த்துச் சொன்னார். மற்ற இருவரும் பேசியிருக்கிறார்கள். அவருக்கு இரண்டு முறை அழைத்திருக்கிறார்கள், எடுக்கவில்லை. பழைய நிறுவனம் அனுப்பிய தேதிகளை வைத்துச் சரிபார்ப்பை முடித்துவிட்டார்கள்.